மூணு நிமிஷ அறிமுகம்

எனக்குப் போட்டதுதானுங்க இந்தப் பொன்னாடை. கடையில வாங்கிட்டுப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னிக்குக் காலையில, மெட்ராஸ்ல, ஐந்நூறு பேர் உக்காந்திருந்த ஹால்ல, மேடையில வெச்சுப் போட்டது. சித்த நகர்ந்து உக்காந்தீங்கன்னா இந்தப் பெட்டியையும் கால்மாட்டுல வெச்சுக்குவேன். உள்ள நினைவுப் பரிசு இருக்குது. கண்ணாடி. உடைஞ்சிருமுங்க.

நீங்களும் கோயமுத்தூர்தானுங்களா? நல்லதாப் போச்சு. என்ன பண்றீங்க? மோட்டார் பம்பு ஸ்பேர் பார்ட்ஸா? சந்தோஷமுங்க. உங்க தொழில்ல இந்தத் தொல்லை இல்லை. தண்ணி எடுத்தா நல்ல பம்பு, எடுக்கலைன்னா திருப்பிக் கொண்டாந்து போட்டுருவான். எங்க தொழில்ல அப்படி இல்லீங்க. எது நல்லதுன்னு யாராவது மேடையேறிச் சொல்லோணும்.

நான் தெய்வசிகாமணி. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டுக்குத் தலைவர். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாமுங்க, ஊருக்குள்ள பெரிய ஆஸ்பத்திரி, அது போதும். அங்க ஒரு நோயாளி உள்ள வந்தா பேரு, வயசு, பெட் நம்பர், மருந்து, சாப்பாடு, டிஸ்சார்ஜ் வரைக்கும் எல்லாம் ஒரு சாஃப்ட்வேர்ல ஓடுது பாருங்க, அது நான் கட்டினது. பதினேழு வருஷமா ஓடுது.

இப்ப மாநாட்டுக்கு வர்றேன். வருஷா வருஷம் மெட்ராஸ்ல மருத்துவத் தொழில்நுட்ப மாநாடுன்னு ஒண்ணு நடக்கும். அதுல கீநோட்டுன்னு ஒரு பேச்சு. உங்களுக்குச் சொல்லோணும்னா, மாநாட்டுல நூறு பேர் பேசுவாங்க. சின்ன ஹால்ல, பக்கத்து ரூம்ல, சாப்பிட்டுத் தூக்கம் வர்ற நேரத்துல. அதெல்லாம் கணக்குல வராது. முதல் நாள் காலையில குத்துவிளக்கு ஏத்தி முடிச்சதும், ஒருத்தனும் காபிக்கு எந்திரிச்சுப் போகாத நேரத்துல, ஒரே ஒருத்தர் பேசுவாரு. அதுதான் கீநோட்டு. வாசல்ல பேனர்ல அவரு படம் மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கும். மத்தவங்க படமெல்லாம் கீழ வரிசையா, ரேஷன் கார்டுல இருக்கற மாதிரி.

நாலு வருஷம் அந்தப் படம் என்னுதுங்க. தொடர்ந்து நாலு வருஷம்.

இந்த வருஷமும் சித்திரை மாசமே போன் வந்துச்சு. மாநாட்டுச் செயலாளர், டாக்டர் நவநீதன்னு பேரு. "சார், இந்தத் தடவையும் கீநோட்டு உங்க ஆஸ்பத்திரிக்குத்தான்"னாரு. நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. "அதுக்கென்ன டாக்டர், பண்ணிரலாம்"னேன். அன்னிக்கே ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசா ஒரு படம் எடுத்து அனுப்பிட்டேன். கையக் கட்டிட்டு, சைடுல பார்த்த மாதிரி. பேச்சும் எழுத ஆரம்பிச்சுட்டேன். பத்து நாள் கழிச்சு மறுபடி போன். "சார், படம் கிடைச்சுது, தேங்க்ஸ். ஜெசிந்தா சிஸ்டர் படமும் ஒண்ணு வேணும். அவங்க நம்பர் இருக்குங்களா? கீநோட்டு அவங்கதானே"ங்கறாரு.

நம்பர் குடுத்தேனுங்க. குடுக்காம என்ன பண்றது.

யாரு இந்த ஜெசிந்தான்னு கேப்பீங்க. எங்க ஆஸ்பத்திரியில மூணாவது மாடி வார்டுக்கு இன்சார்ஜ் நர்ஸ். நாகர்கோவில் பக்கம். இருபது வருஷ சர்வீஸ் இருக்கும். தங்கமான பொம்பளை, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா கம்ப்யூட்டரைப் பத்தி அந்தம்மாவுக்கு என்னங்க தெரியும்? பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு மாசத்துக்கு ஒருக்கா எங்கிட்டத்தான் வந்து நிக்கும்.

அந்தம்மா பண்ணினது என்னன்னா, பிளாஸ்திரி. ஆமாங்க, காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரி. இந்த நர்சுகளுக்கு ஒரு பழக்கம் இருக்குது. வெள்ளைப் பிளாஸ்திரியில ஒரு துண்டு கிழிச்சு மணிக்கட்டுல ஒட்டிக்குவாங்க. நோயாளி பக்கத்துல நிக்கறப்ப பிரஷர் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, யாரு தண்ணி கேட்டாங்க, எல்லாத்தையும் அதுல பேனாவுல கிறுக்கிக்குவாங்க. அப்புறம் நேரம் கிடைக்கறப்ப கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. நான் அத்தனை கஷ்டப்பட்டுப் பதினாலு திரை வெச்சுக் கட்டியிருக்கேன், இவங்க கையில கிறுக்கிட்டுத் திரியறாங்க. எனக்குப் பத்திட்டு வராதுங்களா? போன வருஷம் ஒரு சுற்றறிக்கை விட்டேன். கையில பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. மீறி ஒட்டினா டூட்டி முடியறப்ப கழட்டி வார்டு இன்சார்ஜ்கிட்ட ஒப்படைக்கோணும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அந்தம்மாதான் இன்சார்ஜ். அத்தனை பிளாஸ்திரியும் அந்தம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துச்சு. தூக்கிப் போடாம, பழைய எக்ஸ்ரே பிலிம் மேல ஒவ்வொண்ணா ஒட்டி வெச்சிருக்குது. மூணு மாசம். அப்புறம் உக்காந்து படிச்சுப் பார்த்திருக்குது. நர்சுக நிஜமா எழுதிக்கறது ஆறே ஆறு விஷயந்தான்னு கண்டுபிடிச்சு, அந்த ஆறும் முதல் திரையிலயே வர்ற மாதிரி, எங்க டிபார்ட்மென்ட்லயே ஒரு புரோகிராமர் பொண்ணைப் பிடிச்சு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல செஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரியை நடத்தற எம்.டி. பார்த்தாரு, அந்த வார்டுல போட்டுப் பாருங்கன்னாரு. இப்ப எல்லா வார்டுலயும் ஓடுது. யோசிச்சுப் பாருங்க, என்னோட சுற்றறிக்கை இல்லைன்னா அந்தம்மாவுக்கு அந்தப் பிளாஸ்திரி எப்படிங்க கிடைச்சிருக்கும்? அதை ஒருத்தர் சொல்றாங்களா?

பொறாமைன்னு நினைக்கறீங்க. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இல்லீங்க... சரி, பொறாமைன்னே வெச்சுக்குங்க. காலையில வாசல்ல அந்தம்மா படம் ஆள் உயரத்துக்கு நின்னப்ப, நர்சு யூனிபார்ம்லயே நின்னு எடுத்த படமுங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. என்னோட படம் கீழ இருந்துச்சு. கையக் கட்டிட்டு, சைடுல பார்த்துட்டு. நான் எந்தப் பக்கம் பார்த்திருந்தனோ அந்தப் பக்கத்துலதான் அந்தம்மா நிக்குது. நான் அந்தம்மாவையே பார்த்துட்டு நிக்கற மாதிரி வெச்சுட்டாங்க.

என்னோட படம் ஏன் இருந்துச்சுன்னா, அறிமுக உரை நானுங்க. பேச வர்றவங்களைப் பத்தி நாலு வார்த்தை சொல்லி மேடைக்குக் கூப்பிடறது. "ஒரே ஆஸ்பத்திரி, நீங்க சொன்னாத்தான் சார் பொருத்தமா இருக்கும், மூணு நிமிஷம் போதும்"னு நவநீதன் சொல்லிட்டாரு. கீநோட்டுக்கு மொத்தமே அரை மணி நேரம், அறிமுகமும் அதுக்குள்ளதான். சரியா பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வீடியோவுல வரோணும், அவரைத் தள்ள முடியாது.

நான் வேணும்னே ஒண்ணும் பண்ணலீங்க. ஒருத்தரை அறிமுகப்படுத்தோணும்னா அவரு எங்கிருந்து வந்தாருன்னு சொல்லோணுமில்ல? அந்தம்மா எந்த சாஃப்ட்வேர்ல வேலை பண்ணுச்சுன்னு சொல்லோணும். அப்ப அந்த சாஃப்ட்வேர் எப்படி வந்துச்சுன்னு சொல்லோணும். அதுக்கு முன்னாடி பேரேட்டுல எழுதிட்டு இருந்த காலத்தைச் சொல்லாம விட்டா கேக்கறவங்களுக்குப் புரியாது. பெட்டியில நான் எழுதி வெச்ச கீநோட்டு இருந்துச்சு, அதுல இருந்து ரெண்டு பக்கம் எடுத்துக்கிட்டேன். சரி, நாலு பக்கம்.

சீட்டு வந்துச்சுங்க. நம்ம ஊர்க் கூட்டத்துல ஒருத்தர் ரொம்ப நேரம் பேசினா, கீழ இருந்து துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவாங்கல்ல? எனக்கும் வந்துச்சு. மூணு சீட்டு. படிச்சு, தலையாட்டி, பாக்கெட்டுல போட்டுட்டுத் தொடர்ந்து பேசினேன். இங்கதான் இருக்குது, அப்புறம் காட்டறேன். நான் "இப்போது ஜெசிந்தா அவர்கள்"னு முடிச்சப்ப மணி பத்து அம்பத்திரண்டு.

எட்டு நிமிஷந்தான் மிச்சம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் அந்த மைக் முன்னாடி நின்னவன் நான். எட்டு நிமிஷத்துல தொண்டையைக் கூடச் சரி பண்ண முடியாது.

அந்தம்மா வந்து நின்னுச்சு. "வணக்கம். சார் எல்லாத்தையும் விவரமாச் சொல்லிட்டாங்க, என் வேலை சுலபமாயிட்டு"ன்னு சிரிச்சுச்சு. படம் போடறதுக்குத் திரை இருக்குது, அதைப் போடவே இல்லை. பையில இருந்து அந்த எக்ஸ்ரே பிலிமு நாலு எடுத்து, முன் வரிசையில இருக்கறவங்க கையில குடுத்து, "பார்த்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுங்க"ன்னுச்சு. கோயில்ல பிரசாதம் குடுக்கற மாதிரி அது கை மாறிக் கை மாறிப் போகுது. ஐந்நூறு பேரும் எட்டி எட்டிப் பார்க்கறாங்க. என்னோட பேச்சுல ஒருத்தனும் எட்டிப் பார்த்தது கிடையாதுங்க. அவனவன் செல்போனைத்தான் பார்த்துட்டு இருப்பான்.

அப்ப அந்தம்மா சொல்லுச்சு. "இதுல ஒரு துண்டைப் பத்தி மட்டும் சொல்லுறேன். ஒரு அம்மா அட்மிட் ஆனாங்க. கால்ல சீழ் கட்டி, நல்ல காய்ச்சல். எந்த மருந்தாவது அலர்ஜியான்னு ஒரு கட்டம் உண்டு. அதுல 'இல்லை'ன்னு இருந்துச்சு. நான் ஊசியில மருந்து ஏத்திட்டுப் பக்கத்துல போனேன். பழக்கத்துல ஒரு வார்த்தை கேட்டேன். அந்த அம்மா முனகுறாங்க, சின்ன வயசுல பென்சிலின் போட்டு மூச்சு நின்னுபோச்சுன்னு. கம்ப்யூட்டர் இல்லைங்குது, அம்மா ஆகாதுங்காங்க. நான் அம்மா சொன்னதைக் கையில எழுதிட்டு, ஊசியைக் கீழ வெச்சுட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன்."

கை மாறிட்டு இருந்த பிலிமெல்லாம் அங்கங்க அப்படியே நின்னுபோச்சுங்க.

"அந்தக் கட்டத்துல தப்பா அமுக்கினவங்களை நான் குத்தம் சொல்ல வரலை"ன்னுச்சு. "அந்தக் கட்டத்துல உண்டு, இல்லைன்னு ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணை அமுக்காம அடுத்த திரை வராது. தெரியாதவங்க என்ன செய்வாங்க? அவசரத்துல இருக்கவங்க என்ன செய்வாங்க? இல்லைன்னு அமுக்கிட்டுப் போவாங்க. நாங்க அதுல 'இன்னும் கேட்கலை'ன்னு மூணாவதா ஒண்ணு வெச்சோம். யாராவது போய் நோயாளிகிட்டக் கேக்குற வரைக்கும் அது சிவப்பாவே இருக்கும். அவ்வளவுதான் நாங்க செஞ்சது. நன்றி."

மணி பத்து அம்பத்தொம்பது. ஒரு நிமிஷம் மிச்சம் வெச்சு முடிச்சுருச்சு.

எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்கங்க, ஐந்நூறு பேரும். நாலு வருஷத்துல எனக்கு ஒருத்தர் கூட எந்திரிச்சதில்லை. நானும் தட்டினேன். தட்டாம இருந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க.

இருங்க, ஜோலார்பேட்டை தாண்டியாச்சுங்களா? டீ ஒண்ணு சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

அந்தச் சீட்டைக் காட்டறேன்னேன்ல. இதோ பாருங்க. இது முதல் சீட்டு, "சார், நேரம்." இது ரெண்டாவது, "சார், தயவுசெய்து முடிக்கவும்." நவநீதன் கையெழுத்து. மூணாவது... இது ஒட்டிக்கிச்சு. இருங்க, அது சீட்டு இல்லீங்க. அது வேற. குடுங்க இப்படி.

படிச்சுட்டீங்களா?

"14. பென்சிலின் ஆகாது. அம்மா சொன்னது. 2.40." அவ்வளவுதானே எழுதியிருக்குது. பதினாலாம் நம்பர் பெட்டுல வருஷத்துக்கு நூறு பேர் படுப்பாங்க. அது யாரா வேணும்னாலும் இருக்கலாமுங்க.

...எம் பொண்டாட்டிங்க. வசந்தாமணி.

போன வருஷம் ஆடி மாசம். தோட்டத்துல முள்ளு குத்தி வலது கால் வீங்கிப் போச்சு, காய்ச்சல். கூட்டிட்டுப் போனேன். டிபார்ட்மென்ட் தலைவர் வீட்டம்மாவை வரிசையில நிக்க வெக்க முடியுங்களா? என் ரூம்லயே, என்னோட கம்ப்யூட்டர்லயே நானே அட்மிஷன் போட்டேன். அலர்ஜி கட்டம் வந்துச்சு. கட்டின புதுசுல ஒருக்கா சொல்லியிருக்கா, பென்சிலின் ஆகாதுன்னு. முப்பது வருஷம் ஆச்சு, யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம், எதிர்லதான் கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தா. அந்த நேரம் பார்த்துப் போன். நவநீதன்தான். பேனருக்குப் படம் அனுப்பலையே சாருன்னாரு. போனைத் தோள்ல இடுக்கிட்டு இல்லைன்னு அமுக்கினேன். அடுத்த திரை வந்துருச்சு.

போன வருஷக் கீநோட்டுல நான் என்ன பேசினேன் தெரியுங்களா? எங்க ஆஸ்பத்திரியில அலர்ஜி கட்டம் நூத்துக்கு நூறு நிரம்பியிருக்குதுன்னு பேசினேன். பெரிய எழுத்துல திரையில போட்டுக் காட்டினேன். அந்த நூறுல எம் பொண்டாட்டியும் இருந்தா.

சுற்றறிக்கை அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு விட்டதுங்க. இந்த ஒரு துண்டை மட்டும் அந்தம்மா அதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருந்திருக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

யாரு அமுக்கினாங்கன்னு கம்ப்யூட்டர்ல பேரு நிக்குமுங்க. அப்படிக் கட்டினவனும் நான்தான். அந்தம்மா அன்னிக்கே பார்த்திருக்கும். வசந்தாமணிகிட்டச் சொல்லலை. எம்.டி.கிட்டச் சொல்லலை. இன்னிக்கு ஐந்நூறு பேருக்கு முன்னாடி, இருபத்திரண்டு நிமிஷம் அவங்க நேரத்தைத் தின்னவன் முன் வரிசையில உக்காந்திருக்கறப்பக்கூட, என் பேரைச் சொல்லலை. இது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. இப்ப உங்களோட மூணு.

பிலிமு கை மாறி எங்கிட்ட வந்தப்ப இந்தத் துண்டைப் பார்த்தேன். நகத்துல நெண்டி எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியலை. யாரும் பார்க்கலை.

கூட்டம் முடிஞ்சதும் அந்தம்மா பிலிமெல்லாம் வாங்கி அடுக்கிட்டு வந்துச்சு. என் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு வரிசையா விரல் வெச்சு எண்ணுச்சு. விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. அங்க ஒண்ணுமில்லை, வெறும் எக்ஸ்ரே கறுப்பு. என்னைய நிமிர்ந்து பார்த்தாங்க. என் கை தானாப் பாக்கெட்டுக்குப் போயிருச்சு. அதையும் பார்த்தாங்க.

"அறிமுகத்துக்கு நன்றி சார்"ன்னாங்க. பிலிமைப் பையில வெச்சுட்டு, "வசந்தாமணியம்மா கால் இப்ப எப்படி இருக்கு சார்? வலது கால்தானே? நான் கேட்டேன்னு சொல்லுங்க"ன்னாங்க.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க. திருடன்னு சொல்லியிருந்தாக்கூட, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டு நிம்மதியா ரயில் ஏறியிருப்பேன். இப்படிக் கேட்டா மனுசன் என்னங்க பதில் சொல்றது? நல்லா இருக்குதுன்னேன். பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

இருங்க, போன். வீட்ல இருந்துதான்.

சொல்லு அம்மிணி... ஆமா, ரயில்லதான், சேலம் வரப்போகுது... சாப்பிட்டேன்... நல்லா நடந்துச்சு. பேசினேன், பேசினேன், இருபது நிமிஷத்துக்கு மேலயே பேசினேன். பொன்னாடையெல்லாம் போட்டாங்க... யாரு, ஜெசிந்தா சிஸ்டரா? வந்திருந்தாங்க... அவங்களும் பேசினாங்க, ஒரு ஏழெட்டு நிமிஷம்... உன்னையவா? இல்லையே. கேக்கலையே அம்மிணி. அவங்களைச் சுத்தி ஒரே கூட்டம், மறந்திருப்பாங்க... சரி, வந்து சொல்றேன். வெச்சிர்றேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

மேடையைக் குடுத்தாச்சு. ஆள் உயரப் படத்தைக் குடுத்தாச்சு. ஐந்நூறு பேர் எந்திரிச்சதும் அவங்களுக்குத்தான். வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டியும் இன்னிக்குப் பூராவும் அந்த சிஸ்டர் புராணமே பாடோணுங்களா? ஒரு நாளைக்காவது நான் பேசினதை மட்டும் கேட்டுட்டுத் தூங்கட்டுமுங்க.